மூக்குக்குப் போக மீதி மூளை

வேலை கிடைத்துவிட்டது என்று படாளத்தில் எங்கள் வீட்டில் நான் சொன்ன அன்று, என் அண்ணன் நெல் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இன்ன வேலை என்று சொன்னதும் மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான்.

“சுறாவுக்கு மூளை வேற கீதா?”

இந்த ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடமும் வீட்டில் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். தைரியமாகச் சொல்லுங்கள். இருக்கிறது! அதுவும் எப்பேர்ப்பட்ட மூளை! இருபத்து மூன்று வருஷம் அதைத் தாள் மாதிரி மெல்லிசாக வெட்டி வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் மீன் சந்தைக்குப் போனால் இன்றைக்கும் என் கண் முதலில் சுறாவின் தலைக்குத்தான் போகிறது.

பிளேடை எந்தக் கோணத்தில் வைப்பது, எந்தக் கரைசலில் எத்தனை நாள் ஊறவைப்பது என்பதையெல்லாம் இங்கே இருப்பவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது மணலை விடச் சின்னதான ஒரு சாயத் துணுக்கைப் பற்றி. அது என் வேலையைப் பறிக்கப் பார்த்தது. பிறகு என் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷத்தையும் அதே வகைத் துணுக்குதான் கொண்டுவந்து கொடுத்தது.

முதலில் அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் எங்கள் ஆய்வகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. எங்கள் பேராசிரியரை எல்லோரும் சார் என்றே கூப்பிடுவோம். அவருடைய அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறைய ஜாடிகள், ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு மூளை. ஆழ்கடல் சுறா ஒன்றின் முன்மூளை சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தலை சுத்தியல் மாதிரி இருக்கும் கொம்பன் சுறாவுடையது எலுமிச்சம்பழம். கொம்புத் திருக்கையின் மூளையை முதல் தடவை பார்த்தபோது ஆட்டு மூளையைத் தவறுதலாக வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். எல்லாம் ஒரே கூட்டத்து மீன்கள்தான். பிறகு ஏன் சிலவற்றுக்கு மட்டும் முன்மூளை இப்படிப் பெருத்தது?

பழைய காலத்தில் இதற்குச் சுலபமாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். சுறா என்றால் நீந்துகிற மூக்கு, அதன் முன்மூளை முழுக்க வாசனைக்குத்தான் என்றார்கள். பிறகு வந்தவர்கள் சில சுறாக்களில் பார்த்துவிட்டு, அப்படி இல்லை, மூக்குக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம்தான் என்றார்கள். சரி, நம் கடலில் தினமும் வலையில் விழுகிற பால்சுறாவில் எப்படி? அதைத்தான் நித்யா என்கிற ஆராய்ச்சி மாணவி கையில் எடுத்திருந்தாள்.

நித்யாவின் அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியாக இருப்பாள், வேகமாகப் பேசுவாள், சந்தோஷம் வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டாள். அவள் கேள்வி உண்மையில் பால்சுறாவோடு நிற்கவில்லை. “அக்கா, சுறா வம்சமும் நம்ம வம்சமும் பிரிஞ்சு நாற்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கப்புறம் அது தனியா ஒரு பெரிய முன்மூளைய வளர்த்திருக்கு, பறவை தனியா வளர்த்திருக்கு, நாம தனியா வளர்த்திருக்கோம். மூணு பேரும் எதுக்கு வளர்த்தோம்?” என்பாள். எனக்கு முதலில் பாதி புரியாது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தால் மீதியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கும்.

அவள் செய்த சோதனை இதுதான். கெட்டுப்போகாமல் பதப்படுத்திய மூளையில் ஒரு சிவப்புச் சாயத் துணுக்கை ஓர் இடத்தில் குத்தி வைத்தால், அந்தச் சாயம் அங்கே இருக்கும் நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். அந்த இழைகள் எங்கே போய் முடிகின்றனவோ அங்கே போய் நிற்கும். மூன்று மாதம் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்திருந்து, வெட்டி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் பச்சை வெளிச்சத்தில் பார்த்தால், சாயம் போன வழி முழுவதும் நெருப்பாக எரியும். மூக்கிலிருந்து மூளைக்கு வரும் காம்பில், வலது பக்கம் மட்டும், துணுக்கை வைக்க வேண்டும். எந்த இடமெல்லாம் எரிகிறதோ அதுதான் மூக்கின் பங்கு.

துணுக்கை வைத்தது நான். நித்யாவின் கை மாதிரி என் கை நடுங்காது. அன்றைக்கு அவளுக்கு ஏதோ போன் வர, வெளியே போயிருந்தாள். ஊசி முனையில் துணுக்கை எடுத்தேன். அது பாதியாக உடைந்தது. ஒரு பாதி காம்பில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. இன்னொரு பாதி முன்மூளையின் மேல், அதுவும் இடது பக்கத்தில், விழுந்தது. உடனே மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். போய்விட்டது என்று நினைத்தேன். நித்யா திரும்பி வந்து, “ஆச்சாக்கா?” என்றாள். “ஆச்சு” என்றேன். அவ்வளவுதான். நோட்டில் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து மூளையை வெளியே எடுத்தபோது இடது பக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பார்க்க அழுக்காக இருந்ததால் துடைத்தேன். எனக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து வந்த பழக்கம். துடைத்து, வெட்டி, கண்ணாடியில் ஏற்றிக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் இருட்டறையிலிருந்து ஒரு கத்தல். ஓடினேன். நித்யா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா, ரெண்டு பக்கமும் எரியுது! நடுவுல கூட! முழுக்க மூக்குதான் அக்கா! மத்தவங்க சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கு!”

நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் சிவப்பு மூட்டம். சார் வந்து பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார், அவர் முகமே மாறிவிட்டது. அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு.

படாளம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் துடைத்த பஞ்சின் நிறம் ஞாபகம் வந்தது. அது இளஞ்சிவப்பு. மூளையின் மேலே அழுக்கு அந்த நிறத்தில் எப்படி வரும்?

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நான் வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருந்தவள். சார் சென்னையில் ஒரு மாநாட்டில் இதைப் பேசப்போவதாகத் தலைப்புக் கொடுத்துவிட்டார். நித்யா வீட்டுக்கு போன் செய்து அழுதுகொண்டே சிரித்தாள். இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் நான் போய் என்னவென்று சொல்வது? ஒருவேளை உண்மையாகவே எரிகிறதோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே பதினோரு நாள் ஓடியது.

மாநாட்டுக்கு முந்தின நாள் ஒத்திகை. சாரும் நித்யாவும் இன்னும் நாலைந்து மாணவர்களும் உட்கார்ந்திருக்க, நான் புரொஜெக்டரை இயக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் படம் திரையில் பெரிதாக வந்தது. சார் குச்சியால் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க பாருங்க. இதுதான் மூக்கோட பாதை இந்தப் பக்கம் தாண்டி வர்ற இடம்.”

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். விளிம்பில்தான் சிவப்பு அதிகம். உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டே போனது. மூக்கிலிருந்து உள் வழியாக வந்த சாயம் என்றால் ஏதாவது ஓர் இழை தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லை. மேலே விழுந்த சாயம் துணியில் எண்ணெய் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. இத்தனை பெரிதாக அதுவரை நான் பார்த்ததில்லை. பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

“சார், அந்தச் சிவப்பு மூக்குலேர்ந்து வந்தது இல்ல சார்.”

சார் திரும்பினார். “என்ன சொல்றீங்க கோகிலா?”

“துணுக்கு ஒடைஞ்சு மேல வுழுந்துடுச்சு சார். நான்தான் தட்டி வுட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி அந்த எடத்துல தூள் இருந்திச்சு. அதையும் நான்தான் தொடச்சேன்.”

நித்யா என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“பதினோரு நாளா சந்தேகம் சார்.”

“துணுக்கு விழறது யார் கையிலயும் நடக்கும். என் கையில எத்தனையோ தடவை விழுந்திருக்கு. இந்தப் பதினோரு நாள் இருக்கே, அது உங்க கை பண்ணினது இல்ல கோகிலா.”

சார் மாநாட்டுக்காரர்களுக்கு போன் செய்து அந்தப் படத்தை நீக்கிவிட்டார். அலமாரியில் இருந்த மூளைகளின் அளவுகளை மட்டும் பேசிவிட்டு வந்தார். என் ஒப்பந்தம் போகவில்லை. போயிருந்தால் கூட அந்த வாக்கியத்தைக் கேட்டதை விட லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் இந்த வேலையில் இருக்கும்வரை கை தவறும். தவறிய அந்த நிமிஷத்திலேயே நோட்டில் எழுதுங்கள். எதையாவது துடைப்பதற்கு முன்னால் அது என்ன என்று பாருங்கள். அழுக்கு என்று நாம் நினைப்பதுதான் சில நேரம் சாட்சி.

நித்யா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அக்கா, எனக்கு ஃபெல்லோஷிப் இன்னும் ஆறு மாசம்தான். சாயம் ஊரவே மூணு மாசம். ஒரே ஒரு தடவைதான் திரும்பப் பண்ண முடியும். துணுக்கை நீங்களே வைங்க.”

“நானா?”

“உங்களுக்குத்தான் இனிமே கை தவறாது.”

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, சிரித்தாள். அவள் அப்படித்தான்.

ஆனால் சுறா கிடைக்க வேண்டுமே! கடல் இரண்டு வாரமாகக் கொந்தளிப்பாக இருந்தது, படகு இறங்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டுக் கரையில் மீன் வெட்டிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் என் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் விடிந்ததும் கூப்பிட்டார்.

“இன்னாமா, சுறா வந்துகினு கீது. வர்றியா, ஏலத்துல வுட்டுடவா?”

“வுட்டுடாதக்கா, தோ வந்துட்டேன்!”

நித்யாவுக்கு அன்று கடும் காய்ச்சல். போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, மாத்திரை போட்டுத் தூங்குகிறாள் என்றார். வாளியையும், மூளையைப் பதப்படுத்தும் ஃபார்மலினையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன்.

கரையில் நான் போய்ச் சேர்ந்தபோது மணலில் மூன்று பெரிய பால்சுறாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம். நித்யா கேட்ட அளவு அச்சாக அதுதான். முதல் தடவை பார்த்த மூளையும் அந்த அளவு சுறாவுடையதுதான். அதே அளவில் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். பக்கத்துக் கூடையில் ஒரு முழம் கூட இல்லாத இரண்டு குட்டிகள். இன்னும் செவுள் அசைந்துகொண்டிருந்தது.

நான் பெரியதைத்தான் கேட்டேன். அந்த அம்மா சுறாவைப் புரட்டிப் போட்டு, கண்ணைச் சுட்டிக் காட்டினார்.

“இதோட கண்ணைப் பாரு, பால் வுட்ட மாரி கீது. ராத்திரியே வலையில செத்துப் பூட்ச்சு. கொழம்புக்கு ஆவும், உனுக்கு ஆவுமா?”

“எனுக்கு மூளை வேணும்க்கா. கெடாத மூளை.”

“அப்போ இன்னாத்துக்குப் பெருசு? இந்தக் குட்டிங்கள எட்த்துகினு போ. இப்பத்தான் கர ஏறிச்சு.”

மூளைதான் உடம்பிலேயே முதலில் கரையும் பொருள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியதை எடுத்தால் அளவு சரியாக இருக்கும், மூளை கஞ்சியாக இருக்கும். குட்டியை எடுத்தால் மூளை நன்றாக இருக்கும், ஆனால் ஒப்பிட முடியாது, எல்லாம் வீண் என்று நித்யா சொன்னால்? கேட்பதற்கு ஆள் இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒப்பிடுவதற்கு அந்தப் பழைய மூளையில் என்ன மிச்சம் இருக்கிறது? அதைத்தான் நான் கெடுத்துவிட்டேனே! பொருந்தி ஆகவேண்டிய பழசு எதுவுமே இல்லை. அதோடு, குட்டியின் மூளை சின்னது, சாயம் ஊர வேண்டிய தூரமும் குறைவு.

“ரெண்டு குட்டியையும் குடுக்கா.”

அந்த அம்மா கத்தியை ஒரே போடாகப் போட்டு அவற்றின் துடிப்பை நிறுத்தினார். மண்டையைத் திறப்பதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கூடச் செய்ததில்லை. அதைச் செய்வது நித்யாவும் சாரும்தான். சுறாவுக்கு எலும்பு கிடையாது, மண்டையும் குருத்தெலும்புதான். ஆழமாகப் போனால் மூளையோடு சேர்ந்து போய்விடும். என் தயக்கத்தைப் பார்த்து அந்த அம்மா, “எங்க தொறக்கணும், காட்டு” என்றார். காட்டினேன். கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெங்காயத் தோல் மாதிரி சீவினார். ஒரு சீவல், இரண்டு, மூன்று. நான்காவதில் உள்ளே வெள்ளையாக மினுங்கியது.

“நிறுத்துக்கா, நிறுத்து!”

அவரும் குனிந்து பார்த்தார். முப்பது வருஷமாகச் சுறாத் தலையை வெட்டித் தூரப் போட்டவர். “யம்மாடி, எவ்ளோ அழகா கீது” என்றார். இரண்டு தலையும் ஃபார்மலினுக்குள் போனபோது அவை கரைக்கு வந்து அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது.

திரும்பும்போது ஒரு கூத்து. மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ்ஸில் வாளியோடு ஏறிவிட்டேன். வண்டி கிளம்புவதற்குள் கண்டக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாமா அது பக்கெட்ல? கண்ணு எரியுது.”

“மூளைங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்சீட்டிலிருந்து ஒருவர், “யாரோட மூளை?” என்று எழுந்தே விட்டார். நான் சுறாவுடையது என்று சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டார். அவர் செய்தது சரி. அந்த வாளியை ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் நான் ஏற்றியே இருக்கக் கூடாது, நீங்கள் ஏற்றாதீர்கள். கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிப்போகிற ஒரு லோடு ஆட்டோவில், பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் வாளியைப் பிடித்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். மேலெல்லாம் மீன் வாடை. ராணி மாதிரி இருந்தது எனக்கு.

காய்ச்சல் விட்டு வந்த நித்யா குட்டிகளைப் பார்த்ததும், “அளவு வேறயா இருக்கே” என்றாள். பிறகு மூளையைப் பார்த்தாள். அப்புறம் அளவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு குட்டியின் மூளையில் துணுக்கை வைத்தேன். இந்தத் தடவை முன்மூளையை ஈரப் பஞ்சால் மூடிவிட்டு வைத்தேன். எந்த நேரம் வைத்தேன், எந்த ஊசி, எதுவும் சிந்தியதா, எல்லாம் நோட்டில். மூன்று மாதம் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவேன்.

வெட்டிய அன்று இருட்டறையில் நானும் நித்யாவும் மட்டும். முதல் கண்ணாடி, ஒன்றுமில்லை. பத்தாவது, ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வலது பக்க ஓரத்தில், நகத்தால் கீறின மாதிரி, ஒரு சிவப்புக் கோடு! அடுத்ததில் அது கொஞ்சம் அகலமானது. ஓரத்தோடு ஒட்டியே போனது. நடுப்பகுதி முழுக்க இருட்டு. இடது பக்கம் முழுக்க இருட்டு. கடைசிக் கண்ணாடி வரை பார்த்தோம். மூளையின் அந்தப் பெரிய நடுப்பகுதிக்குச் சாயம் போகவே இல்லை.

“சாயம் பத்தாம பூட்ச்சா?” என்று பயந்து கேட்டேன்.

“இல்லக்கா, கோடு எவ்ளோ கூர்மையா முடியுது பாருங்க. போக வேண்டிய இடத்துக்குப் போய்டுச்சு. மூக்குக்கு அவ்ளோதான்!” அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. “இவ்ளோ பெரிய மூளைல மூக்குக்கு அந்த ஓரம்தான் அக்கா. மீதி எல்லாம் வேற எதுக்கோ!”

அந்தச் சின்ன அறையில் இருட்டைப் பார்த்து இரண்டு பேர் குதித்தோம். வெளியே இருந்தவர்கள் ஷாக் அடித்துவிட்டது என்று கதவைத் தட்டினார்கள்.

நித்யாவின் ஆராய்ச்சிக்கு அது போதும். எழுத ஆரம்பித்துவிட்டாள். சார் பேசி அவளுக்குக் கூடக் கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ‘வேற எதுக்கோ’ என்று சொல்லிவிட்டு அவளால் சும்மா இருக்க முடியுமா? இரண்டாவது குட்டியின் மூளை ஜாடியில் இருந்தது. அந்த இருட்டு நடுப்பகுதியிலேயே, இடது பக்கத்தில், நேராக ஒரு துணுக்கை வைக்கச் சொன்னாள். சாயம் முன்னால் மட்டும் இல்லை, பின்னாலும் ஊரும். அந்த இடத்துக்குச் சேதி அனுப்புகிற செல்கள் எங்கே இருந்தாலும் அங்கே போய் அவற்றை எரிய வைக்கும்.

மறுபடி மூன்று மாதம். வெட்டும் நாளில், கடைசி சில துண்டுகள் மட்டும் மிச்சம் இருந்தபோது, நித்யா சென்னைக்கு ஏதோ கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள். “மிச்சத்த நீங்க வெட்டி வைங்க, நாளைக்குப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்டி முடித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் இருட்டறைக்குள் போனேன்.

முன்மூளைக்குப் பின்னால் தலாமஸ் என்று ஒரு பகுதி உண்டு. கண்ணும் உடம்பும் அனுப்புகிற சேதிகள் அங்கே வந்துதான் மேலே போகும் என்று நித்யா சொல்லியிருக்கிறாள். அந்தக் கண்ணாடியை வைத்தேன். பச்சை வெளிச்சத்தைத் திறந்தேன்.

எரிந்தன. ஒன்று, இரண்டு இல்லை. கூட்டமாக. ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக, வால் முளைத்த மாதிரி இழையோடு. ஆனால் வலது பக்கத்தில்! துணுக்கு வைத்தது இடது பக்கம்.

மறுபடியும் எதிர்ப்பக்கம். மறுபடியும் சிந்திவிட்டதா? போனை எடுத்தேன். நித்யாவைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கூப்பிடாமல் மேஜையில் வைத்தேன். முதலில் நோட்டைப் பிரித்தேன். சிந்தவில்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. மூளையின் மேற்பரப்பைத் துடைக்காமல் அப்படியே வெட்டியிருந்தேன். விளிம்புகளைப் பார்த்தேன், கறுப்பு. சுத்தக் கறுப்பு. அப்படியானால் வழி இருக்க வேண்டும். துணுக்கு இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக வைத்துக்கொண்டே வந்தேன். மெல்லிய சிவப்பு நூல் ஒன்று இடது பக்கத்திலிருந்து கீழே இறங்கியது. அடுத்ததில் நடுக்கோட்டை நெருங்கியது. அடுத்ததில் நெருங்கியது. அதற்கடுத்த கண்ணாடியில் நடுக்கோட்டின் மேலேயே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒரு பாலம் மாதிரி எரிந்துகொண்டு கிடந்தது!

சிந்தல் இல்லை. குறுக்கே கடக்கிற பாதை. வேறு சில சுறாக்களில் இப்படி ஒரு பாதை உண்டு என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களாம், அது எனக்கு அப்போது தெரியாது. நம் கடலின் பால்சுறாவில், எங்களுக்குத் தெரிந்தவரை, யாரும் பார்த்ததில்லை.

இப்போது போனை எடுத்தேன். அவள் ரயிலில் இருந்தாள், ஒரே சத்தம்.

“நித்யா, நடுவுல வெச்சது தலாமஸ்ல எரியுது. எதிர்ப்பக்கத்துல.”

“சிந்தினதா?” அவளும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

“இல்ல. கடக்கிற எடத்தையே பாத்துட்டேன். நூல் மாரி கீது.”

அந்தப் பக்கம் ரயிலுக்குள் ஒரு கூச்சல். யாரோ, “இன்னாமா ஆச்சு?” என்று அவளைக் கேட்பது எனக்குக் கேட்டது. “சுறாவுக்கு... ஒண்ணுமில்லீங்க, நல்ல சேதிதான்!” என்று அவள் சொல்வதும் கேட்டது. கூடுவாஞ்சேரியில் இறங்கி, எதிரே வந்த ரயிலைப் பிடித்துவிட்டாள்.

மாடிப்படியில் ஓடி வந்து, பையைத் தோளிலிருந்து கழற்றாமல், உட்காராமல், அப்படியே கண்ணை வைத்துப் பார்த்தாள். நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடக்கிற இடம் வந்தபோது, மாற்ற வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எரியும் செல் கூட்டம் வந்தபோது, கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

“அக்கா, நான் வர்றதுக்குள்ள வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல. கதவைச் சாத்திகினு உக்காந்திருந்தேன்.”

“அப்போ இவ்ளோ நேரமா இதக் கண்ணால பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். எப்படிக்கா இருந்துச்சு?”

“பயமா இருந்துச்சு.”

“இப்போ?”

அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

“நவுரு. நான் இன்னொரு வாட்டி பாக்கணும்.”